புலிக்கு யார் பதில் சொல்வது?

ஆமை விரலை நீட்டும் இடத்தில்தான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் சண்டை தொடங்கும்.

'குங்ஃபூ பாண்டா' பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். அமைதிப் பள்ளத்தாக்கு ஊரே அரண்மனை முற்றத்தில் திரண்டிருக்கிறது. புலி, கொக்கு, குரங்கு, பாம்பு, கும்பிடுபூச்சி என ஐந்து வீரர்கள் வித்தை காட்டி முடித்து நிற்கிறார்கள். இவர்களில் யார் டிராகன் வீரர் என்று முதிய ஆமை குரு ஊக்வே அறிவிக்க வேண்டும். விரல் புலியை நோக்கி உயர்கிறது. அந்த நேரம் பார்த்து, நாற்காலியில் வாணங்களைக் கட்டிப் பற்றவைத்து மதிலைத் தாண்டப் பார்த்த நூடுல்ஸ் கடைக்காரர் மகன் போ, வானத்திலிருந்து வந்து நடுவில் விழுகிறான். விழுந்தவன் கண்ணைத் திறந்தால் ஆமையின் விரல் அவன் முகத்துக்கு நேரே நிற்கிறது. என்னைத்தானே காட்டுகிறீர்கள் என்று புலி கேட்கிறாள். இல்லை, அவனை என்கிறது ஆமை.

"அநியாயம்மா இது" என்பாள் என் மகள். பதினாறு வயது. எட்டு வயதிலிருந்து சிலம்பம் சுற்றுகிறாள். விடிகாலையில் எழுந்து மைதானத்துக்குப் போய், உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்து, அது உரிந்து, திரும்பக் காய்த்தவள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தேர்வில் அவளை விட்டுவிட்டு, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இந்தப் படத்தில் புலி மட்டும்தான் தெரிகிறாள்.

"போ ஜெயிச்சானா இல்லையாக்கா? அப்ப அவனைத் தேர்ந்தெடுத்தது சரிதானே?" என்பான் மகன். பத்து வயது, பூசினாற்போல் உடம்பு. அவனுக்குப் போதான் உலகம்.

அதற்குள் என் கணவர் தன் கட்சியோடு வந்துவிடுவார், மாமியார் தன் கட்சியோடு. நானும் சும்மா இருப்பதில்லை. ஒரு கார்ட்டூனுக்காக இவ்வளவு சத்தமா என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பற்றியும் அது வந்த வழியைப் பற்றியும் தேடித் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சண்டையை நாங்கள் கிளப்பவில்லை. அது படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நம்பிக்கைகளை ஒரே கதையில் கட்டிவைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர் எந்தப் பக்கம் நின்று வாழ்ந்தாரோ அந்தப் பக்கம் சாய்கிறார்.

முதல் நம்பிக்கை 'குங்ஃபூ' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சீனத்தில் அது முதலில் சண்டைக் கலையின் பெயரே அல்ல. நாள் செலவழித்து, உடம்பை வருத்தி, திரும்பத் திரும்பச் செய்து அடைந்த தேர்ச்சிக்கு அந்தப் பெயர். நன்றாகச் சமைப்பவருக்கும் குங்ஃபூ உண்டு, தூரிகை பிடித்து எழுதுபவருக்கும் உண்டு. தென் சீனத்தில் பொறுமையாகச் சிறு கோப்பைகளில் ஊற்றித் தரும் தேநீருக்கும் அதே பெயர்தான். சண்டைக் கலையைக் குறிக்க 'வூஷூ' என்று வேறு சொல் இருக்கிறது. ஆக, பாடுபடாமல் வந்த குங்ஃபூ என்று சொன்னால் சீனர் காதுக்கு அது நனையாத குளியல் மாதிரி ஒலிக்கும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம் ஔவை சொன்னது இதைத்தான். என் மகளின் கட்சி இது. ஆனால் அதே வெண்பா முடியும்போது நட்பையும் கொடையையும் பழக்கத்தில் சேர்க்காமல் பிறவிக் குணம் என்று பிரித்து வைக்கிறது. என் மகனின் கட்சி அந்தக் கடைசி அடியில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் கொழுந்தனார் வந்திருந்தால், "குங்ஃபூவே நம்ம காஞ்சிபுரத்துல இருந்து போனதுதான் அண்ணி" என்று தொடங்கிவிடுவார். போதிதர்மர் கதை நம்மில் பலருக்கும் பிரியமானது, எனக்கும்தான். ஆனால் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547-ஆம் ஆண்டு வாக்கில் லுவோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதப்பட்ட நூலில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அதன் பின் வந்த தான்லின் என்பவரின் குறிப்புதான் அவரைத் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. ஆகவே தெற்கிலிருந்து போனவர் என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு. ஆனால் சீனாவின் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு அவர் சண்டை பயிற்றினார் என்ற கதைக்கு வேர், 1624 என்று ஆண்டு குறித்த ஓர் உடற்பயிற்சி நூல். போதிதர்மர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியது அது. தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930-களிலேயே அந்த நூல் போதிதர்மருடையது அல்ல என்று காட்டிவிட்டார். கொழுந்தனார் இதை ஏற்றுக்கொண்டதில்லை.

படத்துக்கு வருவோம். டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2008 ஜூனில் வெளியிட்ட இந்தப் படத்தை ஜான் ஸ்டீவன்சன், மார்க் ஆஸ்போர்ன் இருவரும் இயக்கினார்கள். குங்ஃபூ படங்களைக் கிண்டல் செய்யும் படமாகத்தான் முதலில் யோசனை இருந்தது. ஸ்டீவன்சனுக்கு அது பிடிக்கவில்லை. கிண்டல் வேண்டாம், உண்மையான குங்ஃபூ நகைச்சுவைப் படமாகவே எடுப்போம் என்று திருப்பினார்கள். இந்த முடிவுதான் படத்தைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். ஏனென்றால் குங்ஃபூ நகைச்சுவை என்பதே தனி மரபு, அதற்குத் தனி இலக்கணம் உண்டு.

அந்த மரபு 1978-இல் ஹாங்காங்கில் திரண்டது. அதற்கு முன் புரூஸ் லீயின் காலம். 1973-இல் அவர் இறந்த பிறகு அவரைப் போலவே முறைத்துப் பார்க்கும் நாயகர்கள் வரிசையாக வந்து ஓய்ந்தார்கள். அப்போது யுவென் வூ-பிங் என்ற இயக்குநர் ஜாக்கி சானை வைத்து ஒரே ஆண்டில் இரண்டு படம் எடுத்தார். இரண்டிலும் நாயகன் அடி வாங்குகிறவன். அவனுக்குப் பாடம் சொல்வது கந்தல் கட்டிய ஒரு கிழவர். 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் அந்த நாயகனின் பெயர் வோங் ஃபெய்-ஹுங். தென் சீன மக்கள் தெய்வமாக மதிக்கும் வீரர் அவர். அவரைச் சேட்டைக்காரப் பையனாகக் காட்டியதே அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழே இருக்கும் வாளியிலிருந்து சின்னக் கோப்பையில் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றும் பயிற்சி. அதை நடித்தவர் உண்மையிலேயே தொங்கினார். ஏழு வயதில் பத்து ஆண்டு ஒப்பந்தத்தில், பீக்கிங் ஓபரா என்ற சீன மேடைக்கூத்தைக் கற்பிக்கும் பள்ளியில் பெற்றோர் விட்டுப்போன பிள்ளை ஜாக்கி சான். விடியும் முன் எழுந்து கரணம் அடித்து, தவறினால் பிரம்படி வாங்கி வளர்ந்தவர். அவர் திரையில் தடுக்கி விழுந்தால் அந்த விழுதலே பத்து வருடப் பாடம். சிரிப்பு மேலே இருந்தது, உழைப்பு அடியில் இருந்தது. பார்க்கிறவருக்கு இரண்டுமே தெரிந்தன.

கணினியில் வரைந்த பாண்டாவுக்கு வலிக்காது. இந்த மரபு கார்ட்டூனுக்குள் வரும்போது இழப்பது இதைத்தான். படக்குழு இதை உணர்ந்திருந்தது என்றே தோன்றுகிறது. ரொடால்ஃப் கெனோடன் என்ற அனிமேட்டர் தானே சண்டைக் கலை பயின்றவர். அவரையே சண்டை அமைப்பாளராக்கினார்கள். மற்ற அனிமேட்டர்களையும் குங்ஃபூ வகுப்பில் நிறுத்தினார்கள். விலங்குத் தேர்விலும் அதே அக்கறை தெரிகிறது. ஷாவோலின் மரபில் ஐந்து விலங்குப் பாணிகள் புகழ்பெற்றவை: டிராகன், புலி, சிறுத்தை, பாம்பு, கொக்கு. புலியும் பாம்பும் கொக்கும் ஐவர் அணியில் இருக்கிறார்கள். சிறுத்தையோ வில்லன் தாய் லங். டிராகன் என்ற இடம் மட்டும் காலி. ஆனால் தாய் லங் என்ற பெயருக்கே தென் சீனத்துக் கான்டனிய மொழியில் 'பெரிய டிராகன்' என்று பொருள். கிடைக்காத பதவியின் பெயரைப் பிறந்தது முதல் சுமந்தவன் அவன். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் படம் வேறு படமாகிவிட்டது.

இன்னொரு வேர் 2004-இல் ஸ்டீவன் சாவ் எடுத்த 'குங்ஃபூ ஹஸ்ஸில்'. அதன் பாதிப்பு உண்டு என்று சொல்லப்படுகிறது. அந்தப் படத்தின் நாயகனும் உதவாக்கரைதான். கடைசியில் உள்ளே மறைந்திருந்த வல்லமை திடீரென்று திறந்துகொள்கிறது. ஆக, உழைக்காமல் மேதையாவது அமெரிக்கர்கள் கொண்டுவந்து நுழைத்த சரக்கு என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. இதை நான் மகளிடம் சொன்னபோது, "அப்ப அவங்க பண்ணுனதும் தப்புதான்" என்றாள்.

அவள் கட்சியை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். படத்தில் போ பயிலும் காலம் எவ்வளவு? தாய் லங் சிறையிலிருந்து தப்பிப் பள்ளத்தாக்குக்கு நடந்து வந்து சேரும் அளவு. தாய் லங் சிறையில் கிடந்ததோ இருபது ஆண்டுகள். புலி பயின்றது சிறு வயதிலிருந்து. சில நாளில் அத்தனை பேரையும் ஒருவன் தாண்டுகிறான் என்றால் அது குங்ஃபூ என்ற சொல்லுக்கே பொருந்தவில்லை. பரம ரகசியம் எழுதியிருப்பதாகச் சொன்ன சுருளை விரித்தால் வெற்றுப் பொன் தகடு, அதில் அவரவர் முகம்தான் தெரிகிறது. உன்னை நம்பு, அதுவே போதும் என்பது இந்தப் படத்தின் இரண்டாவது நம்பிக்கை. சொல்லும்போது இனிக்கும். எட்டு வருடம் தன்னை நம்பிய பிள்ளையிடம் போய்ச் சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள்?

ஆனால் இந்த இரண்டு நம்பிக்கைகளும் சண்டையில்லாமல் சேரும் ஓர் இடம் படத்தில் உண்டு. டம்ப்ளிங் காட்சி. குரு ஷீஃபு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் போ தேறவில்லை. ஒருநாள் சமையலறையில் பார்க்கிறார்: குரங்கு ஒளித்துவைத்த பிஸ்கட்டுக்காக உயரத்து அலமாரிக்குத் தாவி, இரண்டு காலையும் அகல விரித்து அந்தரத்தில் நிற்கிறான். ஐவருக்கும் சொல்லிக்கொடுத்த வழியில் இவனுக்குச் சொல்ல முடியாது என்று குருவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. மலைமேல் அழைத்துப்போய், ஒரு கிண்ணம் டம்ப்ளிங்கை நடுவில் வைத்துப் பயிற்றுகிறார். நம் ஊர்க் கடைகளில் மோமோ என்று விற்கிறார்களே, அதன் உறவு. கடைசியாக மிஞ்சும் ஒன்றுக்காகக் குருவும் சீடனும் குச்சியாலும் கிண்ணத்தாலும் மோதுகிறார்கள். போ வெல்கிறான். வென்ற டம்ப்ளிங்கைக் குருவிடமே எறிந்துவிட்டுப் பசியில்லை என்கிறான்.

ஹாங்காங் படங்களில் உணவு மேசையில், குச்சியும் கிண்ணமுமாக நடக்கும் சண்டைகளின் வாரிசு இந்தக் காட்சி. என் கணக்கில் முழுப் படத்துக்கும் இது ஈடு. தேர்ந்தெடுத்தவர் செய்தது சரியா என்பதை விட்டுவிட்டு, சொல்லிக்கொடுப்பவர் எங்கே தவறினார் என்று கேட்கிற ஒரே இடம் இது. இந்தக் காட்சிக்கு மட்டும் மகளும் மகனும் சேர்ந்து சிரிப்பார்கள்.

என் சொந்த வருத்தம் வேறு. வயிறு. போ படியேற மூச்சு வாங்குவதும், கதவில் சிக்குவதும், வயிறு குலுங்குவதும் படம் முழுக்கச் சிரிப்புக்கு. பள்ளியில் என் மகனைப் 'பாண்டா' என்று கூப்பிடுகிறார்கள். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் அன்று இரவு இரண்டாவது தோசை வேண்டாம் என்றான். அதிலிருந்து அந்தக் காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஷீஃபுவும் ஐவரும் போவின் உடம்பைக் கேலி செய்வது தவறு என்று கதை காட்டுகிறது, உண்மை. அதே கேலிக்கு நம்மையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் காட்டுகிறது.

என்னைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியவர் சம்மோ ஹுங். ஜாக்கி சானோடு அதே ஓபரா பள்ளியில் பயின்ற மூத்த மாணவர், பருத்த உடம்புக்காரர். அவரே இயக்கி நடித்த 'என்டர் த ஃபேட் டிராகன்' என்ற குண்டு டிராகன் படமும் அதே 1978-இல் வந்ததுதான். அவர் திரையில் நின்றால் முதலில் சிரிப்பார்கள். கால் காற்றில் எழும்போது சிரிப்பு வாயிலேயே நிற்கும். அந்த உடம்பு எவ்வளவு லாகவமானது என்பதுதான் அங்கே வியப்பு. போவின் வம்சம் அவரிடமிருந்து வருகிறது என்றே எனக்குப் படுகிறது. கடைசிச் சண்டையில் தாய் லங்கின் நரம்புத் தாக்குதல் போவிடம் பலிக்காமல் கிச்சுக்கிச்சு மூட்டுவதாக முடியும்போது, அந்த வயிறே கவசமாகிறது. மகனிடம் சம்மோ ஹுங் சண்டை ஒன்றைக் காட்டினேன். மூன்று முறை போட்டுப் பார்த்தான்.

என் கணவருக்கு இந்த எதுவும் பொருட்டில்லை. அவருக்குப் படம் என்றால் ஷீஃபுவும் தாய் லங்கும்தான். வாசலில் கிடந்த சிறுத்தைக் குட்டியை எடுத்து மகனாக வளர்த்தவர் ஷீஃபு. நீதான் டிராகன் வீரன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஊக்வே மறுத்தபோது வாய் திறக்கவில்லை. சிறை உடைத்து வந்தவன் குருவை அடித்துக்கொண்டே கேட்கும் கேள்விகள் எல்லாமே ஒரு பிள்ளை தகப்பனிடம் கேட்பவை: எலும்பு நொறுங்கப் பயின்றது யாருக்காக, என்னை நினைத்துப் பெருமைப்பட்டாயா இல்லையா. முதல் நாளிலிருந்தே பெருமைதான், அந்தப் பெருமையே என் கண்ணை மறைத்தது என்று ஷீஃபு மன்னிப்புக் கேட்கிறார். அந்த இடத்தில் என் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். அவருடைய அப்பாவுக்கு மகனை எஞ்சினியராக்கும் கனவு இருந்தது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

"தாய் லங் வில்லன் இல்லை. ஷீஃபு சரியா வளர்த்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது" என்று மட்டும் சொல்வார். பீச் மரத்தடியில் ஊக்வே சொல்லும் பாடமும் அதுதான். பழம் எப்போது விழ வேண்டும் என்று நீ முடிவு செய்யலாம், ஆனால் பீச் விதையிலிருந்து ஆப்பிளை எதிர்பார்த்தால் வராது. அதற்கு முன்பே இன்னொன்று நடந்திருக்கிறது. தாய் லங் தப்பிவிடுவானோ என்று பயந்து ஷீஃபு சிறைக்கு ஒரு தூதுப் பறவையை அனுப்புகிறார். அந்தப் பறவையின் இறகு ஒன்றை வைத்துத்தான் தாய் லங் பூட்டைத் திறக்கிறான்.

என் மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு அப்பத்தா, இந்தக் குரு, சீடன், சுருள் எதுவும் வேண்டாம். "அந்த வாத்தைக் காட்டுங்க" என்பார். நூடுல்ஸ் கடை பிங். பாண்டாவுக்கு வாத்து எப்படி அப்பாவாக முடியும் என்ற கேள்வியை முதல் படம் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதுதான் அழகு என்பார் அப்பத்தா. தன் தங்கை இறந்தபோது ஒரு வயதுக் குழந்தையை எடுத்துவந்து வளர்த்தவர் அவர். "பெத்தாத்தான் பிள்ளையா?" என்று டிவியைப் பார்த்தே கேட்பார். 2011-இல் வந்த இரண்டாம் படத்தில், முள்ளங்கிக் கூடையில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்த கதையைப் பிங் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதை இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண். மூன்றாம் படத்தில் பெற்ற தகப்பன் வந்து சேரும்போது பிங் படும் பாட்டில் அப்பத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் படத்தில் சுருளின் ரகசியத்தைப் போவுக்குத் திறந்துவிடுவதும் பிங்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். என் சூப்பில் ரகசியப் பொருள் என்று எதுவும் கிடையாது என்று மகனிடம் சொல்கிறார். ஆயிரம் வருட ஞானத்துக்குச் சாவி கடை அடுப்படியில் இருந்தது.

எங்கள் வீட்டில் நடக்கும் இதே வழக்கு 2008-இல் ஒரு நாடு முழுக்க நடந்தது. படம் சீனாவில் வெளியாகும் முன், பாண்டாவைத் தன் கலைக்கு அடையாளமாக வைத்திருந்த ஜாவ் பான்டி என்ற கலைஞர் அதைப் புறக்கணிக்கச் சொன்னார். பாண்டாவின் தாய்நிலம் சிச்சுவான். அங்கே மே 12-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் 69,000-க்கும் மேற்பட்டோர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சிச்சுவானில் மட்டும் படம் ஒருநாள் தள்ளி வெளியானது. ஆனால் மக்கள் திரண்டார்கள். சீனத் திரையரங்குகளில் 10 கோடி யுவான் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படம் அதுவே. பிறகு நாட்டின் உயர் ஆலோசனை மன்றத்தின் நிலைக்குழுவிலேயே பேச்சு எழுந்தது. பாண்டா நம்முடையது, குங்ஃபூ நம்முடையது, படத்தில் உள்ள எல்லாமே நம்முடையது, இப்படி ஒரு படத்தை நாம் ஏன் எடுக்கவில்லை என்று பீக்கிங் ஓபரா நிறுவனத் தலைவர் வூ ஜியாங் கேட்டார்.

அதற்கு மனம் திறந்து பதில் எழுதியவர் இயக்குநர் லூ சுவான். பீஜிங் ஒலிம்பிக்ஸுக்காக ஓர் அனிமேஷன் படம் எடுக்க அவரைக் கூப்பிட்டார்களாம். மேலிடத்து அறிவுரைகள் வரவர மகிழ்ச்சியும் கற்பனையும் வற்றி, கடைசியில் படமே இல்லாமல் போயிற்று. ஷீஃபு தாய் லங்கின் தலையில் ஏற்றியதும் இப்படிப்பட்ட பாரம்தான் என்று என் கணவர் சொல்வார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. திறமைக்கு அங்கே பஞ்சமே இல்லை. வான் சகோதரர்கள் 1941-லேயே முழுநீள அனிமேஷன் படம் எடுத்த நாடு அது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சிச்சுவானின் தலைநகர் செங்டுவில், மருந்தியல் படிப்பை விட்டு அனிமேஷனுக்கு வந்த இளைஞர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு குறும்படம் செய்துகொண்டிருந்தார். தனியாக, மூன்றரை வருடம். வருமானம் கிடையாது. அம்மாவின் ஓய்வூதியத்தில் வீடு ஓடியது. யாங் யூ என்ற அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஜியாவ்ஸி. சீனத்தில் அதற்கு டம்ப்ளிங் என்று பொருள். 2019-இல் அவர் இயக்கிய 'நே ஜா' 500 கோடி யுவான் வசூலித்தது. 2025 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் பாகம் 1,500 கோடி யுவானைத் தாண்டி, உலகிலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படமானது. வூ ஜியாங் கேள்வி கேட்ட நாட்களில் அதற்கான பதில் ஒரு தாயின் ஓய்வூதியத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. என் மகள் சொல்லும் குங்ஃபூ அது.

நே ஜாவும் தகப்பன் மகன் கதைதான். பழைய புராணத்தில் மகன் தன் சதையை அறுத்துப் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்து உறவை முறிப்பான். 2019 படத்தில் தகப்பன் மகனுக்குப் பதில் தன் உயிரைக் கொடுக்க இரகசியமாக ஏற்பாடு செய்கிறார். ஊக்வே எதுவும் தற்செயல் இல்லை என்கிறார். நே ஜாவோ என் விதி என் கையில், வானத்தின் கையில் இல்லை என்கிறான். மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா கதை" என்றாள். மகனுக்கும் பிடித்தது, ஆனால் அவன் போவை விட்டுக்கொடுக்கவில்லை.

2024-இல் வந்த நான்காம் பாண்டா படத்தைப் பார்க்க மகள் ஆசையோடு உட்கார்ந்தாள். போ இப்போது குருவாக உயர வேண்டும், தன் இடத்துக்கு அடுத்த டிராகன் வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புலிக்கு இந்த முறையாவது கிடைக்கும் என்று நினைத்தாள். ஐவர் வேறு வேறு வேலையாக வெளியூர் போய்விட்டதாகச் சொல்லிப் படத்திலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். போ தேர்ந்தெடுத்தது ஜென் என்ற நரியை. திருடியாக இருந்தவள். பதினாறு வருடம் கழித்து அதே விரல், அதே இடத்தில் புலியைத் தாண்டிப்போயிற்று. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஐவரும் வந்து அந்த நரிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

"கடைசியில சொல்லிக்கொடுக்கிறதுக்கு மட்டும் இவ வேணும்" என்றாள் மகள். மகன்கூட ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரமே அவள் முதல் படத்தை மறுபடி போட்டாள். தாய் லங்கின் கதையைப் போவுக்குச் சொல்வதே புலிதான். அதைச் சொல்லும்போது, தாய் லங்கை நேசித்தது போல ஷீஃபு அதற்கு முன்பும் யாரையும் நேசித்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை என்கிறாள். அந்த 'பிறகும்' என்ற சொல்லில் குட்டிப் புலி ஒன்று குருவின் முகத்தை அண்ணாந்து பார்த்து நிற்பது தெரியும். அவர் அவளுடைய கையின் நிலையைத் திருத்திவிட்டுப் போய்விடுவார். மகள் அங்கே நிறுத்தினாள். "தாய் லங்கிட்ட மன்னிப்புக் கேட்டாருல்ல. இவகிட்ட எப்பப்பா கேட்டாரு?" என்றாள். அவள் கேட்டது அவள் அப்பாவை.

அவர் அன்று தண்ணீர் குடிக்க எழுந்துபோகவில்லை. பதிலும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, எட்டு வருடத்தில் முதல் முறையாக அவளோடு மைதானத்துக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்து காபியை வாங்கிக்கொண்டே, "இடது கை வீச்சு அவளுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"அதை அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றார்.